சுழியம் சேர்த்தால் துல்லியம் கூடுமா?



கோலார் தங்கவயலின் நந்திதுர்க், சாம்பியன் ரீப், மைசூர், ஊரிகம் என்னும் சுரங்கப் பெயர்கள், அங்கே உழைக்கச் சென்ற தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த ஊர்ப் பெயர்களைப் போலவே பழகியவை. அக்குடும்பங்கள் மிகுதியும் அஞ்சியது பாறை வெடிப்பை. ஆழத்தில் கல்லை வெட்டியெடுத்த பின், மேலுள்ள பாறையின் பாரமெல்லாம் எஞ்சிய பகுதியின்மீது சாய்கின்றது. தாங்கமாட்டாத கல் நொடிப்பொழுதில் வெடித்துச் சிதறுகின்றது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்க வேலை நின்றது. குழிகளில் நீர் நிரம்பிய பின்னரும் நடுக்கங்கள் பதிவாயின.

அந்நடுக்கத்தை அளக்கும் கருவி, அலையை இடைவிடாது பதிவதில்லை. சீரான இடைவெளியில் மாதிரி எடுக்கின்றது. நொடிக்கு 1000 மாதிரி என்றும், நம் கையில் இருப்பது 0.2 நொடிப் பதிவு என்றும் கொள்வோம். 200 எண்கள் கிடைக்கும். ஃபூரியர் உருமாற்றம் செய்தால், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை என்பதை 5 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அது காட்டும்.

இக்கணக்கை விரைவாகச் செய்யும் முறையைக் கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்டனர். (சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோவின் அடையாளம் கண்டதும் அவ்வாண்டிலேதான்.) இரண்டின் அடுக்காக எண்கள் இருந்தால் அம்முறைக்கு வசதி. ஆகவே 824 சுழியங்களைச் சேர்த்து 1024 ஆக்குவது வழக்கம். இடைவெளி ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். நுட்பம் ஐந்து மடங்கு கூடிவிட்டது என்று மகிழலாமா?

கூடாது. 43 ஹெர்ட்ஸில் ஒரே அதிர்வு இருந்தால், முன்பு அது 40க்கும் 45க்கும் நடுவே ஒளிந்துகிடந்தது. இப்பொழுது அதன் முகடு தன் இடத்தில் தெரியும். இது மெய்யான பயன். ஆனால் 40இலும் 42இலும் இரண்டு அதிர்வுகள் இருந்தால், எத்தனை சுழியம் சேர்த்தாலும் அவை ஒரே மேடாகவே நிற்கும். மங்கிய புகைப்படத்தைப் பெரிதாக்கினால் முகம் பெரிதாகுமேயன்றித் தெளியாது. இரண்டையும் பிரிக்க அரை நொடிப் பதிவாவது வேண்டும்; அதைத் தருவது பாறையும் கருவியுமேயன்றிச் சுழியமன்று.

இன்னொரு கேட்டை நாம் பெரிதாகக் கருதுகின்றோம். கருவியின் அளவீடு சுழியத்தைச் சுற்றி அமையாமல் சற்றே மேலே விலகியிருக்கலாம். சுழியம் சேர்க்காதவரை அவ்விலகல் முழுவதும் முதல் இடமாகிய சுழிய அதிர்வெண்ணில் அடங்கிக் கிடக்கும். சேர்த்தவுடன், பதிவு முடியுமிடத்தில் செங்குத்தான படி ஒன்று உண்டாகி, தாழ்ந்த அதிர்வெண்களிலெல்லாம் பொய் வலிமை பரவும். 1970இல் புரூன் வகுத்த முறைப்படி, வலிமை குறையத் தொடங்கும் மூலை அதிர்வெண் தாழத் தாழ, வெடித்த பரப்பின் ஆரம் பெரிதெனக் கணக்கிடுவர். பொய் வலிமையை மெய்யென்று கொண்டால், சிறிய வெடிப்பு பெரியதாகத் தோன்றும்; எவ்வளவு தூரம் ஆளை விலக்குவது என்ற முடிவும் பிழைபடும். ஆதலால் முதலில் சராசரியைக் கழித்து, பதிவின் இரு முனைகளையும் மெல்லத் தாழ்த்திவிட்டுப் பிறகே சுழியம் சேர்க்க வேண்டும்.

சுழியம் இன்றியமையாத இடமும் உண்டு. இரண்டு கருவிகளில் அலை வந்த நேர வேறுபாட்டை உருமாற்ற வழியில் ஒப்பிடும்போது, வால் சுற்றிவந்து தலையோடு கலந்துவிடும். 200 எண்கள் கொண்ட இரு பதிவுகளுக்கு 399 இடமாவது வேண்டும். 512 ஆக்குவது எளிது. வெடிப்பு நிகழ்ந்த இடம் நந்திதுர்க்கா, சாம்பியன் ரீப்பா என்பதை இந்நேர வேறுபாடுகளைக் கொண்டே கணிக்கின்றனர்.