ஒரு பருவமும் ஓர் உதையும்

ஆண்டு முழுவதும் ஊக்கத்தோடு படித்த மாணவன் ஒருவன், இறுதித் தேர்வின் கடைசி வினாவுக்குத் தவறாக விடையெழுதிவிடுகின்றான். அந்த ஒரு விடையைக் கொண்டே அவனுடைய ஆண்டு முழுவதையும் அளந்துவிடுவது நியாயமாகுமா? பள்ளிக்கூடத்தில் அடிக்கடி எழுகின்ற இந்த வினா, விளையாட்டு மைதானத்திலும் எழுவதுண்டு. இங்கிலாந்தின் வடபகுதியில், வேக்பீல்ட் என்னும் நகரத்தைச் சேர்ந்த ஒரு றக்பிக் கழகம் 1967-68 ஆம் ஆண்டுப் பருவத்தில் கண்ட வெற்றியும் தோல்வியும் இவ்வினாவை உலகின் முன் வைத்தன. அக்கதையே இன்றைய பேச்சின் பொருள்.

நமது நாட்டிலே கண்டியிலும் கொழும்பிலும் பெருந்திரளானோர் கண்டு களிக்கின்ற றக்பி ஆட்டம், ஒரு பக்கத்துக்குப் பதினைந்து பேர் ஆடுவது. அதற்கு றக்பி யூனியன் என்று பெயர். இங்கு சொல்லப்படுவதோ அதன் உடன்பிறப்பாகிய றக்பி லீக். இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவையேயாயினும், கூலிப் பிரச்சினை ஒன்றினாற் பிரிந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், யோர்க்ஷயர், லங்காஷயர் ஆகிய பகுதிகளில் றக்பி ஆடியவர்களுட் பலர் நிலக்கரிச் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்தவர்கள். சனிக்கிழமையன்று ஆடச் சென்றால் அன்றைய கூலி அவர்களுக்கு இல்லை. இழந்த கூலியைக் கழகங்கள் ஈடுசெய்ய வேண்டுமென வடபகுதியினர் கேட்டனர். பணம் பெற்றால் விளையாட்டின் தூய்மை கெடுமென்று தலைமைச் சங்கத்தினர் மறுத்தனர். 1895 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29 ஆம் திகதி, ஹடர்ஸ்பீல்ட் நகரின் ஜோர்ஜ் ஹோட்டலிற் கூடிய வடபகுதிக் கழகங்கள் தனிச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தன. காலப்போக்கில் அவை ஆட்டத்தின் விதிகளையும் மாற்றின. 1906 ஆம் ஆண்டு முதல் ஆடுவோர் தொகை பதின்மூன்றாகக் குறைந்தது. பிரிந்து சென்ற கழகங்களுள் ஒன்றுதான் வேக்பீல்ட் திரினிற்றி. திரினிற்றி என்னும் தேவாலயத்தைச் சேர்ந்த இளைஞர் சிலர் 1873 ஆம் ஆண்டிற் கூடி அமைத்த கழகம் அது. அந்தத் தேவாலயத்தின் பெயரே கழகத்தின் பெயராயிற்று.

வேக்பீல்டுக்கு அருகே ஷாள்ஸ்டன் என்னும் சிற்றூர் உண்டு. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர் அது. அவ்வூரிலே பொக்ஸ் குடும்பத்தில் மூன்று சகோதரர்கள் பிறந்தனர். மூத்தவர் பீற்றர், அடுத்தவர் டொன், இளையவர் நீல். மூவரும் றக்பி லீக் வரலாற்றிற் பெயர் பொறித்தவர்கள். இளையவராகிய நீல், தம் ஆட்ட வாழ்வில் ஈட்டிய புள்ளிகள் 6,220. அவ்விளையாட்டில் வேறெவரும் எட்டாத தொகை இது. 1960 ஆம் ஆண்டுச் சவால் கிண்ண இறுதியாட்டத்தில் ஹல் கழகத்துக்கு எதிராக அவர் ஒருவரே 20 புள்ளிகளை ஈட்டினார். டொன் பொக்ஸோ முதலில் அயலூராகிய பெதர்ஸ்டன் நகரின் றோவர்ஸ் கழகத்தில் ஆடியவர். பிற்காலத்தில் முன்வரிசை வீரராக மாறிய அவர், அக்காலத்தில் உடல் வலிமையினும் மதிநுட்பமே மிகுதியும் வேண்டப்படும் இடத்தில் நின்று ஆடினார். 1963 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராகப் பிரித்தானிய அணியிலும் இடம்பெற்றார். 1965 ஆம் ஆண்டிலே வேக்பீல்டுக்கு வந்து தம்பியோடு சேர்ந்துகொண்டார்.

கழகத்துக்கு அது பொற்காலம். 1960, 1962, 1963 ஆகிய ஆண்டுகளிற் சவால் கிண்ணத்தை வென்றிருந்தது. ஆயினும் சம்பியன் பட்டம் மட்டும் கைக்கு எட்டாதிருந்தது. 1967 ஆம் ஆண்டு மே மாதத்தில், சென் ஹெலன்ஸ் கழகத்தோடு ஆடிய இறுதியாட்டம் 7-7 எனச் சமநிலையில் முடிய, மறு ஆட்டத்தில் 21-9 என்னும் கணக்கில் வென்று, கழக வரலாற்றிலேயே முதன்முறையாக அப்பட்டத்தைப் பெற்றது. அந்த மகிழ்ச்சியோடுதான் 1967-68 ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கிற்று.

பருவம் என்பது எவ்வளவு நீண்டது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் மாதத்திலே கோடை வெயிலில் தொடங்கி, பனியும் சேறும் நிறைந்த மாரியைக் கடந்து, மறு ஆண்டு மே மாதத்திலே முடிவது அது. அக்காலத்தில் 30 கழகங்கள் ஒரே அட்டவணையில் நின்றன. அட்டவணையில் முதற் பதினாறு இடங்களைப் பெற்றவை சம்பியன் பட்டத்துக்காக மேலும் மோதின. இதற்குப் புறம்பாகச் சவால் கிண்ணச் சுற்றுப்போட்டியும் நடந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்லப்பட்டாலும், அவர்களுட் பெரும்பாலோர் வார நாள்களில் வேறு தொழில் செய்து, மாலையிற் பயிற்சி பெற்று, வார இறுதியில் ஆடியவர்கள். வென்றால் ஒரு தொகை, தோற்றால் அதனினும் குறைந்த தொகை என்பதே அவர்களுக்குரிய ஊதிய முறை.

அந்த நெடும் பருவத்தின் முடிவில் லீட்ஸ் கழகம் அட்டவணையில் முதலிடம் பெற்றது. ஆனால் சம்பியன் பட்டத்துக்கான இறுதியாட்டத்துக்கு வந்தவர்கள் வேக்பீல்டும் ஹல் கிங்ஸ்டன் றோவர்ஸ் கழகமும் ஆவர். 1968 ஆம் ஆண்டு மே 4 ஆம் திகதி, லீட்ஸ் நகரின் ஹெடிங்லி மைதானத்தில், வேக்பீல்ட் 17-10 என வென்று, பட்டத்தை இரண்டாம் ஆண்டும் தனதாக்கிக்கொண்டது. ஒரே வாரத்தின் பின் சவால் கிண்ண இறுதியாட்டம். அதையும் வென்றிருந்தால் பருவத்தின் பெரும் பரிசுகள் இரண்டும் ஒருங்கே அந்நகருக்குச் சென்றிருக்கும்.

மே 11 ஆம் திகதி, இலண்டன் வெம்பிளி அரங்கில் 87,100 பேர் கூடியிருந்தனர். இன்னும் பலர் தத்தம் வீடுகளில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர். ஆட்டம் தொடங்குமுன் இடியோடு கூடிய பெருமழை பெய்து, புற்றரையைக் குளமாக்கிவிட்டது. ஓடியவர்கள் வழுக்கினர். பிடிக்க முனைந்தவர்கள் நெடுந்தூரம் சறுக்கிச் சென்றனர். ஒவ்வொரு மோதலிலும் நீர் சிதறியது. அவ்வாட்டத்துக்கு இன்றளவும் நீர்ச்சிதறல் இறுதியாட்டம் என்னும் பொருள்படும் பெயரே வழங்குகின்றது.

ஆட்டக் கணக்கை விளங்கிக்கொள்ள இரண்டு விதிகளை அறிந்தாற் போதும். எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் ஊன்றுவது ட்றை எனப்படும். அக்காலத்தில் அதற்கு மூன்று புள்ளிகள். ட்றை பெற்ற பின், அதே நேரில் பின்வாங்கிப் பந்தை நிறுத்தி, கம்பங்களுக்கிடையே குறுக்குச் சட்டத்துக்கு மேலாக உதைத்தால் மேலும் இரண்டு புள்ளிகள். தண்டனை உதைக்கும் இரண்டு புள்ளிகளே.

வேக்பீல்டின் வழமையான உதைப்பாளர் நீல் பொக்ஸ். அவரோ காயமுற்று அன்று ஆட முடியாத நிலையில் இருந்தார். தம்பியின் பொறுப்பு தமையனாகிய டொன்னின் காலுக்கு வந்தது. லீட்ஸ் அணியின் பெவ் றிஸ்மன் தண்டனை உதைகளாற் புள்ளி சேர்த்தார். வேக்பீல்டின் கென் ஹேர்ஸ்ட் ஒரு ட்றை பெற, டொன் பொக்ஸ் அதற்குரிய உதையையும் வேறொரு தண்டனை உதையையும் வெற்றிகரமாக உதைத்தார். இடைவேளையில் வேக்பீல்ட் 7-4 என முன்னின்றது. பிற்பாதியில் லீட்ஸ் அணியின் ஜோன் அற்கின்சன் முறைகேடாகத் தடுக்கப்பட்டார் எனக் கருதிய மத்தியஸ்தர், லீட்ஸுக்குத் தண்டனை ட்றை வழங்கினார். அத்தீர்ப்பைப் பற்றி நெடுங்காலம் வாதம் நடந்தது. றிஸ்மன் அதற்குரிய உதையை உதைத்து, பின்னர் இன்னொரு தண்டனை உதையாலும் புள்ளி சேர்க்க, கணக்கு 11-7 ஆயிற்று. ஆட்டம் முடியச் சொற்ப நேரமே எஞ்சியிருந்தது. லீட்ஸ் ஆதரவாளர் வெற்றி முழக்கமிடத் தொடங்கினர்.

ஆட்டம் மறுபடி தொடங்கப் பந்து உதைக்கப்பட்டது. ஈரத்தில் உருண்ட அப்பந்தைக் கென் ஹேர்ஸ்ட் காலால் முன்தள்ளி, துரத்திச் சென்று, கம்பங்களின் அருகிலேயே ஊன்றிவிட்டார். கணக்கு 11-10. இனி எஞ்சியது ஓர் உதை. அது கம்பங்களுக்கு நேர் முன்னே அமைந்தது. வழமையான நாளிற் பள்ளிச் சிறுவனும் தவறவிடான் என்று சொல்லத்தக்க இடம். அது உள்ளே சென்றால் வேக்பீல்ட் 12-11 என வென்றுவிடும். அந்த உதையோடு ஆட்டமும் முடிந்துவிடும்.

டொன் பொக்ஸ் பந்தை நிறுத்தினார். பின்வாங்கினார். ஓடி வந்து உதைத்தார். நீர் நிறைந்த தரையில் கால் சரியாகப் படியவில்லை. பந்து கம்பங்களை விட்டு விலகிச் சென்றது. அவர் தரையிற் சாய்ந்தார். தொலைக்காட்சி வர்ணனையாளர் எடி வாரிங், அந்த வேளையில் அவர் மீது இரக்கப்பட்டுப் பாவம் என்று சொன்னார். அந்தச் சொல் அந்தக் காட்சியோடு சேர்ந்து நாடெங்கும் பரவிற்று.

இதில் வியக்கத்தக்க இன்னொரு செய்தியும் உண்டு. இறுதியாட்டத்திற் சிறந்து ஆடியவருக்கு லான்ஸ் ரொட் நினைவுப் பரிசு வழங்குவது வழக்கம். பத்திரிகையாளர் தங்கள் வாக்குகளை ஆட்டம் முடியுமுன்னரே அளித்துவிடுவர். அன்று அவர்கள் தெரிந்தெடுத்த வீரர் வேறெவருமல்லர், டொன் பொக்ஸே. மழையும் சேறும் நிறைந்த அந்தக் களத்திலே மற்றெல்லாரையும் விட மேலாக ஆடியவர் எனத் தீர்ப்புப் பெற்ற அவரே, ஒரு கணத்தின் பின் தோல்விக்குக் காரணர் என்றும் பெயர் பெற்றார். ஒரே நாளில், ஒரே மனிதருக்கு, ஒன்றுக்கொன்று மாறான இரண்டு தீர்ப்புகள்!

எந்தத் தீர்ப்புச் சரியானது? கணக்கை நிதானமாகப் பார்ப்போருக்கு உண்மை புலப்படும். வேக்பீல்ட் பெற்ற பத்துப் புள்ளிகளுள் நான்கு டொன் பொக்ஸின் காலாற் கிடைத்தவை. லீட்ஸ் பெற்ற பதினொரு புள்ளிகளுள் எட்டு றிஸ்மனின் நான்கு உதைகளால் வந்தவை. அத்தண்டனை உதைகளுக்கு இடமளித்தவை வேக்பீல்ட் அணியினரின் தவறுகள். தண்டனை ட்றை இல்லாதிருந்தால் கணக்கே வேறாயிருக்கும். நீல் பொக்ஸ் காயமடையாதிருந்தால் அந்த உதை அவருடையதாயிருக்கும். எண்பது நிமிடத்தின் தொடக்கத்திற் போன புள்ளியும் ஒரு புள்ளியே, முடிவிற் போன புள்ளியும் ஒரு புள்ளியே. ஆயினும் முதலிற் போனதை மக்கள் மறந்துவிடுகின்றனர். கடைசியிற் போனதை மறப்பதில்லை. கண்முன் நிகழ்ந்த காரணம் ஒன்றையே முழுக் காரணமாகக் கொள்வது மனித மனத்தின் பழக்கம்.

இவ்வாறு சொல்வது தவறிய உதையைத் தவறவில்லை என்று சாதிப்பதற்காக அன்று. லீட்ஸ் முறைப்படியே வென்றது. கிண்ணம் உரியவரிடமே சென்றது. விளையாட்டின் விதி இரக்கம் அறியாது. அறியவும் கூடாது. ஆனால் விதி ஆட்டத்தைத் தீர்ப்பதற்கு உரியதேயன்றி, ஆளைத் தீர்ப்பதற்கு உரியதன்று. இந்த வேறுபாட்டை மறந்துவிடும்போதே அநீதி பிறக்கின்றது.

அந்த அநீதியின் அளவைக் காட்டுவதற்கு ஒன்று சொன்னாற் போதும். 1967-68 ஆம் ஆண்டுப் பருவத்தில் வேக்பீல்ட் திரினிற்றி நாட்டின் சம்பியன் கழகம். அதன் பின் அக்கழகம் அப்பட்டத்தைப் பெற்றதேயில்லை. 1979 ஆம் ஆண்டில் மீண்டும் சவால் கிண்ண இறுதியாட்டத்துக்கு வந்து விட்னஸ் கழகத்திடம் தோற்றது. ஆகவே அந்த 1968 ஆம் ஆண்டு மே மாதம், அந்நகரின் றக்பி வரலாற்றில் மீண்டும் வாராத ஒரு வெற்றியின் காலம். அப்படியிருந்தும் அந்த மாதத்தைப் பற்றிக் கேட்டால், மே 4 ஆம் திகதியை அறிந்தவர் சிலரே. மே 11 ஆம் திகதியை அறியாதவர் இல்லை. எட்டு மாத உழைப்பின் கனியை எட்டு வினாடிப் படக்காட்சி ஒன்று மறைத்துவிட்டது.

டொன் பொக்ஸ் 2008 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் காலமானார். நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னும், அவருடைய மறைவை அறிவித்த செய்திகளில் அந்த ஓர் உதையே முன்னின்றது. பெதர்ஸ்டன் றோவர்ஸ் கழகத்துக்காக அவர் பெற்ற 162 ட்றைகள் அக்கழகத்தின் சாதனையாக விளங்கின என்பதைத் தேடிப் படித்தவர்களே அறிந்தனர். ஆனால் அவருடைய ஊர்மக்கள் இருவகைக் கணக்கையும் அறிந்திருந்தனர். சுரங்கத்திலே உழைக்கும் மக்களுக்கு, வழுக்கும் தரையில் ஒரு கணம் கால் தவறுவது என்றால் என்னவென்று பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒருநாளைய தவற்றுக்காக ஒருவனுடைய உழைப்பு முழுவதையும் அவர்கள் தள்ளிவிடுவதில்லை.

காலம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. ஷாள்ஸ்டன் சுரங்கம் 1993 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1996 ஆம் ஆண்டு முதல் றக்பி லீக்கின் மேற்பிரிவு மாரிக்கால ஆட்டமாக இராது கோடைக்கால ஆட்டமாயிற்று. வேக்பீல்ட் திரினிற்றி 2023 ஆம் ஆண்டுப் பருவத்திற் கடைசி இடத்தைப் பெற்று மேற்பிரிவிலிருந்து இறங்கியது. 2024 ஆம் ஆண்டில் இரண்டாம் பிரிவில் வாகை சூடி, 2025 ஆம் ஆண்டில் மீண்டும் மேற்பிரிவில் ஆடியது. ஒரு பருவம் தாழ்த்தியதை மறு பருவம் உயர்த்தியது. கழகங்களுக்கு எப்போதும் அடுத்த பருவம் ஒன்று உண்டு. தனி மனிதனுக்கோ அந்த வாய்ப்புப் பல வேளைகளிற் கிடைப்பதில்லை. அதனாலேயே அவனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வோர் கூடுதலான கவனத்தோடு இருத்தல் வேண்டும்.

நேயர்களே, வெம்பிளியில் அன்று இரண்டு தீர்ப்புகள் வழங்கப்பட்டன. ஒன்று, கடைசி உதையைப் பார்த்து உலகம் வழங்கியது. மற்றையது, எண்பது நிமிட ஆட்டத்தைப் பார்த்து ஆட்டம் அறிந்தவர்கள் வழங்கியது. வீட்டிலே பிள்ளையையும், வகுப்பிலே மாணவனையும், தொழிற்சாலையிலே தொழிலாளியையும் மதிப்பிட வேண்டிய வேளை வரும்போது, இரண்டாவது தீர்ப்பை வழங்கியவர்களின் பக்கத்தில் நிற்பதே நடுவுநிலைமை.