சார்ட் வாங்கிய காசும் வருமான வரியும்

"சார்ட், கலர் பேப்பர் என்று கைக்காசு போட்டு வாங்குகிறோமே, அந்த ரசீதைக் காட்டி வரியைத் திரும்பப் பெறலாமா?" என்று பலரும் கேட்கிறீர்கள். முடியாது. மாதச் சம்பளம் வாங்குவோருக்கு ரசீது கேட்காமலே நிலையான கழிவு தருகிறார்கள். பழைய முறையில் 50,000 ரூபாய். புதிய முறையில் 2024-25 நிதியாண்டு முதல் 75,000. உங்கள் சார்ட்டும் அதற்குள் அடக்கம். தொழில்வரியைப் பழைய முறையில் மட்டும் தனியே கழிக்கலாம்.

நம்மில் பலர் கவனிக்காதது, மாற்றுத்திறனாளி ஆசிரியர்களின் ஊர்திப்படி. பார்வையற்றோர், காது கேளாத வாய் பேசாதோர், கால் இயக்கக் குறைபாடு உடையோர் ஆகியோர் வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்துபோகப் பெறும் படியில் குறிப்பிட்ட வரம்பு வரை வரி கிடையாது. புதிய முறையிலும் இது உண்டு. அதையும் சம்பளத்தோடு கூட்டி வரி பிடித்திருந்தால், பிப்ரவரிச் சம்பளத்தில் போனது போனதுதான் என்று விட்டுவிடாதீர்கள். படிவம் 16-ஐ வாங்கி ஊதியப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் அந்த விலக்கைக் காட்டினால், கூடுதலாகப் பிடித்த தொகை வங்கிக் கணக்குக்கே வரும். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்த்தாக வேண்டும். கணினி மையத்தில் கொடுத்துச் செய்பவர்கள், அதையும் முடித்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டே எழுந்து வாருங்கள்.