ஒரு கண்ணில் இரு நோய்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சுந்தரமூர்த்தி சுவாமிகள் இரு கண்களின் பார்வையையும் இழந்து வழிநடந்த வரலாற்றை நாம் குருபூசை தோறும் கேட்டு வருகின்றோம். திருவெண்பாக்கத்தில் அவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. பின்னர் காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் ஒளி பெற்றன. திருவருளால் அவர் இழந்தது முழுவதும் மீண்டது. சாதாரண மானிடராகிய நமக்கோ, மீளக்கூடிய பார்வையும் உண்டு. ஒருமுறை போனால் மீளாத பார்வையும் உண்டு. இவ்விரண்டையும் பகுத்தறிவதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயமாகும்.

பண்டாரவளை, ஹப்புத்தளை, தெமோதரைப் பகுதித் தோட்டங்களிலே வயது முதிர்ந்த தாயொருத்தி, "கண்ணு மங்கலாத் தெரியுது" என்று சொன்னால் வீட்டார் என்ன சொல்கின்றனர்? "வெள்ளை விழுந்திருக்கு, நல்லாப் பழுக்கட்டும், பிறகு வெட்டிக்கலாம்" என்கின்றனர். முற்காலத்தில் வைத்தியர்களே அப்படிச் சொன்னதுண்டு. அக்காலத்துச் சத்திர சிகிச்சை முறைக்கு முற்றிய புரையே வசதியாயிருந்தது. இன்று அந்த நியதி இல்லை. பழுக்கட்டும் என்று காத்திருப்பதே சிலருடைய கண்ணைக் கெடுத்துவிடுகிறது. ஏனெனில், வெள்ளைக்குப் பின்னால் வேறொரு நோயும் ஒளிந்திருக்கக் கூடும்.

முதலாவது நோய் கண்புரை. கண்ணுக்குள்ளே கண்ணாடி போன்ற வில்லை ஒன்று இருக்கிறது. வயதினாலோ, நீரிழிவினாலோ, அடிபட்டதனாலோ அது மங்கிப்போவதுதான் புரை. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையை வைத்தால் பார்வை திரும்பும். இதிலே நம்பிக்கைக்கு இடமுண்டு.

இரண்டாவது நோய் கண்ணழுத்த நோய். குளுக்கோமா என்று வைத்தியசாலைகளில் சொல்வார்கள். கண்ணுக்குள்ளே ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறி, ஓரத்திலுள்ள நுண்ணிய சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்கிறது. மலைச்சரிவில் தேயிலைக்கு ஊடே நாம் வெட்டும் கானைப் போன்றது அந்த வடிகால். கான் அடைபட்டால் மழைநீர் தேங்கி மண்ணைக் கரைத்துக்கொண்டு போவதை நாம் அறிவோம். அதுபோலவே கண்ணில் வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பின்புறத்திலுள்ள பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரையுள்ள அழுத்தம் சாதாரணமானது என்பர். ஆயினும் அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு. ஆகையால் அழுத்தத்தை அளந்தால் மட்டும் போதாது. நரம்பையும் பார்க்க வேண்டும்.

இந்நோயின் பெருங்கொடுமை, பெரும்பாலும் வலி இல்லாமையே. மழைக்காலத்தில் கொழுந்து கொய்யும்போது காலில் அட்டை ஏறுவது தெரிவதில்லை. இரத்தம் வடிந்த பின்னரே தெரிகிறது. இதுவும் அப்படியே. பார்வை ஓரங்களிலிருந்து குறுகி வரும். நடுப்பார்வை கடைசி வரையில் நின்று நம்மை ஏமாற்றும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் வைத்தியர்கள் நடத்திய ஆய்வுகளில், இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தமக்கு அது இருந்ததையே அறியாதிருந்தனர்.

இவ்விரண்டும் முதுமையில் ஒரே கண்ணில் கூடி வருவது புதுமையன்று. ஒன்று மற்றொன்றை மறைப்பதும் உண்டு. வளர்ப்பதும் உண்டு. முற்றிப் பருத்த புரை வடிகாலை அடைத்துத் திடீரென்று அழுத்தத்தை ஏற்றிவிடும். அப்போது கண் சிவந்து, தலை வெடிப்பதுபோல் வலித்து, வாந்தியும் வரும். அதனைப் பித்தமென்றும் ஒற்றைத் தலைவலியென்றும் எண்ணிக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தால் சில நாட்களிலேயே பார்வை போய்விடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்டெரொயிட் கலந்த கண் சொட்டு மருந்தை வைத்தியர் சொல்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விட்டுவந்தால், புரை, அழுத்தம் ஆகிய இரண்டுமே வரக்கூடும்.

இதன் வரலாற்றிலே நம் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு. புரையை ஊசியால் தள்ளி விலக்கும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல் கூறுகிறது. பிற்காலத்தில் ஊர் ஊராகத் திரிந்தோர் அதனைத் தூய்மையின்றிச் செய்து பலருடைய கண்களைப் பாழாக்கினர். 1819ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற சென்னைக் கண் ஆஸ்பத்திரியிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை வைத்தியராயிருந்த ரொபர்ட் ஹென்றி எலியட் என்பவர் அவ்வாறு கெட்ட கண்களை ஆராய்ந்து நூல் எழுதினார். அவரே 1909ஆம் ஆண்டில், கண்ணின் வெள்ளைச் சுவரில் சிறு துவாரமிட்டுத் தேங்கிய நீரை வடியச் செய்யும் முறையைச் சென்னையில் கையாண்டார். அது உலகெங்கும் பரவியது. 1949இல் லண்டனில் ஹரோல்ட் றிட்லி முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணுக்குள் வைத்தார். 1967இல் அமெரிக்காவின் சார்ள்ஸ் கெல்மன், நுண்ணொலி அதிர்வால் புரையைக் கரைத்துச் சிறு துளை வழியே உறிஞ்சும் வழியைக் கண்டார். 1968இல் இங்கிலாந்தின் கெயார்ன்ஸ், வடிகால் அமைக்கும் முறையைத் திருத்தி, துவாரத்தின்மேல் மெல்லிய மூடி வைத்தார்.

இவையெல்லாம் ஒன்றுகூடியதே இன்றைய கூட்டுச் சத்திர சிகிச்சை. ஒரே தடவையில் மங்கிய வில்லை அகற்றப்பட்டுச் செயற்கை வில்லை பொருத்தப்படுகிறது. அத்துடன் மேல்புறத்தில் ஒரு புதிய கானும் வெட்டப்படுகிறது. நீர் அதன் வழியே வடிந்து, மேலிமையின் கீழ் சிறு கொப்புளம்போல் தங்கி, உடலிலே கலந்துவிடுகிறது. அந்தக் கான் தழும்பினால் மூடிவிடாதிருக்க, மைற்றோமைசின் என்னும் மருந்தைச் சத்திர சிகிச்சையின்போது சில நிமிடம் வைத்தெடுப்பதும் உண்டு.

இரண்டையும் தனித்தனியே செய்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம், செய்தும் வருகின்றனர். ஆனால் வடிகால் மட்டும் வெட்டினால் புரை விரைந்து முற்றுவதுண்டு. பிறகு புரையை எடுக்கப் போனால் முன்பு வெட்டிய வடிகால் பலவீனப்படுவதுண்டு. நாட்சம்பளம் வாங்கும் குடும்பத்துக்கு இருமுறை ஆஸ்பத்திரி, இருமுறை வேலை நிறுத்தம், இருமுறை துணையாள் என்பது சிறு பாரமன்று.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் மறைக்கலாகாது. நோய் ஆரம்ப நிலையில் இருந்து, சொட்டு மருந்தாலேயே அழுத்தம் அடங்குமானால், புரையை மட்டும் எடுத்தால் போதும். வடிகாலின் வாய் குறுகிய சிலருக்கு, வில்லையை எடுத்ததுமே வழி திறந்து அழுத்தம் இறங்குகிறது. நோய் மிக முற்றியவர்க்கு முதலில் வடிகாலை மட்டும் செய்வதே நலமென்று கருதும் வைத்தியரும் உளர். தனியே செய்யும்போது அழுத்தம் இன்னும் சற்று அதிகமாக இறங்கும் என்பது அவர்கள் கூற்று. எந்தக் கண்ணுக்கு எது தகும் என்பதைக் கண் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

"கண் வெட்டியும் அம்மாவுக்குப் பார்வை வரல்லையே" என்று சில வீடுகளில் பேசிக்கொள்கின்றனர். அதைக் கேட்டு அடுத்த லயத்தார் அஞ்சி நின்றுவிடுகின்றனர். உண்மை என்னவெனில், புரை போக்கிய பார்வையைச் சத்திர சிகிச்சை மீட்டுத் தரும். கண்ணழுத்தம் அழித்த நரம்பை எந்தச் சிகிச்சையும் மீட்டுத் தராது. எஞ்சியிருப்பதைக் காப்பாற்றவே அந்த வடிகால். 1961ஆம் ஆண்டில் டாக்டர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்தான சங்கத்தின் தொண்டினால் நம் இலங்கை புகழ்பெற்றது. ஆனால் தானமாகக் கிடைக்கும் கண்ணிலிருந்து முன்புறத்துக் கருவிழிப் படலத்தை மாற்றலாமேயன்றி, பார்வை நரம்பை மாற்ற இயலாது. ஆகவே காலந்தாழ்த்தாமையே இந்நோய்க்கு மருந்து.

சத்திர சிகிச்சையோடு காரியம் முடிந்துவிடாது. வாரக்கணக்கில் சொட்டு மருந்து தவறாமல் விட வேண்டும். சொன்ன நாளில் கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். முதல் சில வாரங்களிலேதான் புதிய வடிகால் நிலைப்பதும் மூடுவதும் தீர்மானமாகின்றன. வைத்தியர் அனுமதிக்கும்வரை விறகுக் கட்டும் தண்ணீர்க் குடமும் கொழுந்துக் கூடையும் தூக்கலாகாது. அடுப்புப் புகையில் நிற்கலாகாது. கண்ணைக் கசக்கவே கூடாது. பல ஆண்டுகள் சென்ற பின்னரும் அந்தக் கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை வந்தாலோ, பார்வை குறைந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். புதிய வடிகால் வழியாகக் கிருமி உட்புகும் அபாயம் ஆயுள் முழுவதும் உண்டு.

வாலிப அன்பர்களே! இங்கேதான் உங்கள் தொண்டு வேண்டப்படுகிறது. கை நடுங்கும் பாட்டி தன் கண்ணில் தானே மருந்து விட்டுக்கொள்ள இயலாது. மேட்டு லயத்திலிருந்து றோட்டுக்கு இறங்கி, பஸ் ஏறி, பதுளைப் பெரியாஸ்பத்திரியின் கண் கிளினிக்கில் வரிசையில் நிற்பதற்குத் துணையொன்று வேண்டும். துண்டில் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்லவும், வைத்தியரின் மொழி புரியாதபோது எடுத்துரைக்கவும் ஒருவர் வேண்டும். நம் சங்கத்து அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் லயத்திலுள்ள பெரியவர் ஒருவரையேனும் இவ்வாண்டில் அழைத்துச் செல்வாராக. அங்கே மூன்று கேள்விகளைக் கேட்பாராக: கண்ணின் அழுத்தம் எவ்வளவு? பார்வை நரம்பு எப்படியிருக்கிறது? புரையோடு அழுத்தத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை வேண்டுமா?

பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ கண்ணழுத்த நோய் இருந்தால் மற்றவர்க்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஆகையால் 40 வயதைத் தாண்டியவர்கள், கண் நன்றாய்த் தெரிந்தாலும் ஒருமுறை சோதித்துக்கொள்ளட்டும். துணைக்குச் செல்லும் நாளிலேயே அதனையும் முடித்துக்கொள்ளலாம்.

பெரியோர்களே! பிள்ளைகளுக்குச் செலவாகுமே, ஒரு நாள் சம்பளம் போகுமே என்று எண்ணி மங்கலை மறைத்து வைக்காதீர்கள். சுவரைத் தடவி நடக்கும் நிலை வந்த பின் சொல்வதைவிட, ஊசியில் நூல் கோர்க்க முடியாத அன்றே சொல்லிவிடுவது பிள்ளைகளுக்குச் செய்யும் உபகாரமாகும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.