நடந்துபோகும் தூரத்தில் யார் வாழலாம்?



வீடு, கடை, பள்ளி, வேலை எல்லாம் ஐந்து நிமிட நடையில், சுமார் 400 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது இன்றைய நகரத் திட்டமிடலில் ஒரு கருத்து. காரை நம்பிப் பரந்த அமெரிக்கப் புறநகர்களுக்கு மாற்றாக, 1980களில் 'மரபான குடியிருப்பு' என்று அதை முன்வைத்தார்கள். அந்தப் புறநகர்களின் முன்மாதிரி லெவிட்டவுன். 1947இல் நியூயார்க் அருகே அது எழுந்தபோது, கறுப்பின மக்களுக்கு அங்கே வீடு மறுக்கப்பட்டது.

ஆனால் 'மரபு' என்ற சொல் நம்மை உறுத்துகிறது. நமது மரபான ஊரிலும் எல்லாம் நடக்கும் தூரம்தான். யார் எந்தத் தெருவில் நடக்கலாம், செருப்போடு நடக்கலாமா என்பதைச் சாதி தீர்மானித்தது. கிராமத்தை இலட்சியமாகக் காட்டியவர்களை 1948இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கடுமையாக மறுத்ததை நாம் மறக்கக் கூடாது.

சென்னைக்கு வருவோம். கூவம் கரையிலும் அடையாற்றுக் கரையிலும் நம் மக்கள் கட்டிய குடியிருப்புகள் உண்மையிலேயே நடந்துபோகும் நகரமாக இருந்தன. வீட்டுவேலைக்கும் மூட்டை தூக்கவும் மீன் விற்கவும் நடந்தே போனார்கள். வாசலிலேயே இட்லிக் கடை இருந்தது. 1971ஆம் ஆண்டின் குடிசைப்பகுதிச் சட்டத்தின் பெயரில்கூட 'மேம்பாடு' முதலில், 'அகற்றல்' பிறகு. 1970களில் பல இடங்களில் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். 2000க்குப் பிறகு வரிசை மாறியது. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். வீடு கிடைத்தது, வேலை தொலைந்தது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, நல்லதுதான். ஆனால் போகவர ஆகும் மணிநேரத்தை யார் திருப்பித் தருவது? அந்த நேரத்தில் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது?

சேரி ஊருக்கு வெளியே இருந்தது. இன்று அது நகரத்துக்கு வெளியே, மாடி மேல் மாடியாக நிற்கிறது. அதற்கு 'மறுகுடியமர்வு' என்று பெயர்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. இருந்த இடத்திலேயே வீடு. ஏற்கெனவே அனுப்பப்பட்டவர்களுக்கு நடை தூரத்தில் வேலை, மேல்நிலைப் பள்ளி, மருத்துவமனை, கீழ்த்தளத்தில் கடை வைக்கும் உரிமை. நகரின் நடுவில் எழும் புதிய குடியிருப்புகளில் நமக்கும் பங்கு. மூன்றாவதில்தான் எதிர்ப்பு அதிகம் வரும். 'சைவம் மட்டும்' என்று சொல்லி வீடு மறுக்கும் நகரம் இது. நடைபாதை போட்டால் மட்டும் அது மாறாது.

அடுத்த முறை நகரத் திட்ட வரைபடம் பொதுக்கருத்துக்கு வரும்போது, மாணவர்களே, அதைக் கையில் எடுங்கள். நம் மக்களை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். அங்கிருந்து வேலைக்கு நடந்து பாருங்கள். பிறகு உங்கள் ஆட்சேபணையை எழுதுங்கள்.

ஜெய்பீம்.