எச்சரிக்கையும் தீர்ப்பும்

போபாலில் வாழும் என் தமக்கையார் சில திங்களுக்கு முன் ஓரிரவு தொலைபேசியில் அழைத்தார். காலஞ்சென்ற எங்கள் தந்தையார் தம் முதுமையில் தாமே கணினியில் தட்டெழுதிய தன்வரலாறு, ஏறக்குறைய 200 பக்கம், அவரிடம் இருக்கிறது. ஒருங்குறி பரவுவதற்கு முன் வழங்கிய பழைய எழுத்துரு ஒன்றில் அமைந்தது அது. இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் தோன்றுவதில்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமே தோன்றுகிறது. அதனைப் படிக்கத்தக்க தமிழாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைத் தமக்கையார் இணையத்தில் தேடிப் பதிவிறக்கம் செய்திருந்தார். திறக்கப் போனபோது கணினி குறுக்கே நின்று, இக்கோப்பு தீங்கு விளைவிக்கக்கூடும் என்று எச்சரித்தது.

"தம்பி, இதைக் கணினியில் நிறுவலாமா, கூடாதா? ஒரே சொல்லில் சொல்லப்பா" என்றார்.

என்னால் ஒரே சொல்லில் சொல்ல இயலவில்லை. ஒருபுறம் அப்பாவின் எழுத்து. மறுபுறம் அதே கணினியில் அக்காவின் வங்கிக் கணக்கும் ஓய்வூதியக் கணக்கும். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் இந்நிலை நேரக்கூடும். தமிழ்க் கோப்பு ஒன்று கோளாறானால், அதனைப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் அத்தெருவில் கிடைப்பது அரிது. யாரோ ஓர் ஆர்வலர் ஆக்கி வெளியிட்ட சிறு மென்பொருளையே நாட வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை வரும்போது எண்ணிப் பார்க்கும் முறையை அறிந்துகொள்வது ஆகவே நமக்கு இன்றியமையாதது.

முதற்கண் உணர வேண்டுவது, எச்சரிக்கை வேறு, தீர்ப்பு வேறு என்பதாகும். கணினியின் காவல் நிரல்கள் மூன்று காரணங்களால் குரல் கொடுக்கின்றன. முன்பே அறியப்பட்ட தீய நிரலின் அடையாளம் கோப்பில் காணப்படுவது ஒன்று. நிரலின் நடத்தை ஐயத்துக்குரியதாக இருப்பது மற்றொன்று. கோப்பைப் பதிவிறக்கியவர் மிகச் சிலரே ஆதலால் அது 'முன்பின் அறியாதது' எனப்படுவது மூன்றாவது. விண்டோசில் ஸ்மார்ட்ஸ்கிரீன் என்னும் காவல் அமைப்பு பல வேளைகளில் இம்மூன்றாவது காரணத்தாலேயே தடுக்கிறது. உலகில் சில நூறு பேரே பயன்படுத்தும் தமிழ் மென்பொருள் ஒன்று அதற்கு அந்நியமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணமும் தமிழ் மென்பொருளைத் தொடுவதுண்டு. ஆங்கில விசையை அழுத்தினால் தமிழ் எழுத்து வர வேண்டுமெனில், நாம் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் இடையில் நின்று அந்நிரல் பிடிக்க வேண்டும். கடவுச்சொல்லைத் திருடும் நிரலும் விசைகளை அவ்வாறே பிடிக்கிறது. செயல் ஒன்று, நோக்கம் வேறு. காவல் நிரலோ செயலைக் காணுமேயன்றி நோக்கத்தைக் காணாது. தமக்கையார் இறக்கிய மென்பொருளில் எழுத்துரு மாற்றியோடு தட்டெழுதும் பகுதியும் சேர்ந்திருந்தது.

காவலன் தவறுவதும் உண்டு. 2010 ஏப்ரல் 21ஆம் நாள் மெக்காஃபி நிறுவனத்தின் வைரஸ் தடுப்பு நிரலுக்கு வந்த புதுப்பிப்பு ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத உறுப்பாகிய கோப்பையே வைரஸ் என்று கொண்டுவிட்டது. பல நாடுகளில் கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதற்கு இது சான்று.

வெளுத்ததெல்லாம் பால் அன்று என்பதற்கும் சான்றுண்டு. 2017 ஆகஸ்டில், கணினியைத் துப்புரவு செய்ய இலட்சக்கணக்கானோர் பயன்படுத்திய சிசிகிளீனர் என்னும் மென்பொருளின் 5.33ஆம் பதிப்பு வெளிவந்தது. முறையான தளத்திலிருந்து, முறையான மின்னணுக் கையொப்பத்தோடு வந்த அப்பதிப்புக்குள் தீய நிரல் புகுத்தப்பட்டிருந்தது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்தே அது வெளிப்பட்டது. அதற்குள் சுமார் 22 இலட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அப்பதிப்பு அமர்ந்துவிட்டது.

எனவே எச்சரிக்கை எழுந்தமையால் மட்டும் குற்றம் உறுதியாவதில்லை. எழாமையால் மட்டும் தூய்மை உறுதியாவதும் இல்லை. நாம் செய்யத்தக்கது விசாரணை. அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

முதற்கேள்வி: கோப்பு எங்கிருந்து வந்தது? ஆக்கியோரின் தளத்திலிருந்தா, ஆயிரம் மென்பொருள்களைக் குவித்து வைத்திருக்கும் இடைத்தரகுத் தளத்திலிருந்தா? காவல் நிரலை அணைத்துவிட்டு நிறுவுங்கள் என்று சொல்லும் தளத்தை அக்கணமே விட்டு நீங்குவது நலம். கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய பொதியாகத் தருவதும் நல்ல குறியன்று. பூட்டிய பொதிக்குள் காவல் நிரலின் கண் எளிதில் செல்லாது.

இரண்டாம் கேள்வி: மின்னணுக் கையொப்பம் உண்டா? உண்டாயின் யாருடையது? இக்கையொப்பம் அனுப்பியவர் இன்னார் என்றும், இடையில் கோப்பு மாறவில்லை என்றும் சொல்லுமேயன்றி, அவர் நல்லவர் என்று சொல்லாது. அதற்குரிய சான்றிதழைப் பெறப் பொருட்செலவு ஆகுமாதலால், கைப்பொருள் எதிர்பாராது உழைக்கும் ஆர்வலர் பலரிடம் அஃது இருப்பதில்லை. ஆகவே கையொப்பமின்மை குறையே தவிரக் குற்றம் அன்று.

மூன்றாம் கேள்வி: நம் கையிலிருப்பது மூலத்தின் மாறாத படியா? படியை மூலத்தோடு ஒப்பு நோக்குவது மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அன்றாடத் தொழில். கணினியில் அதற்கு ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண் உதவுகிறது. கோப்பு எவ்வளவு பெரிதாயினும் 64 குறிகளால் ஆன எண் ஒன்று கிடைக்கும். கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினும் அவ்வெண் முற்றிலும் மாறிவிடும். விண்டோசில் பவர்ஷெல் என்னும் கட்டளைப் பலகத்தில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' என்ற கட்டளையைத் தந்து, கோப்பின் பெயரைச் சேர்த்தால் எண் தோன்றும். ஆக்கியோர் வெளியிட்ட எண்ணோடு அதனை ஒப்பிட வேண்டும். தளத்தையே கைப்பற்றியவன் எண்ணையும் மாற்றிவிடக்கூடும். ஆதலால் வேறோர் இடத்திலும் அவ்வெண் கிடைக்குமாயின் அங்கும் பார்த்தல் சிறப்பு.

நான்காம் கேள்வி: பிற சாட்சிகள் என்ன சொல்கின்றனர்? 2004இல் ஸ்பெயினில் தோன்றி, 2012இல் கூகிள் நிறுவனத்தின் கைக்கு வந்த வைரஸ்டோட்டல் என்னும் சேவை, ஒரு கோப்பைப் பல வைரஸ் தடுப்பு நிரல்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கிறது. இங்குத் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. சில நிறுவனங்கள் பிறரது ஆய்வு நிரலையே வாங்கிப் பயன்படுத்துவதால், மூன்று சாட்சிகள் ஒரே சாட்சியின் எதிரொலியாக இருத்தல் கூடும். 'ஜெனரிக்', 'ஹியூரிஸ்டிக்' போன்ற சொற்கள் ஊகத்தையே குறிக்கும். பெயர் பெற்ற பல நிறுவனங்கள் குறிப்பிட்ட ஒரு தீய நிரலின் பெயரையே ஒருமித்துச் சொல்லுமாயின், அதற்குமேல் வழக்கு இல்லை. மற்றொன்றும் நினைவிருக்கட்டும். அங்கு ஏற்றும் கோப்பு பிறர் பார்வைக்கும் போகும். சொந்தக் கடிதங்களையும் அலுவலக ஆவணங்களையும் அங்கு ஏற்றலாகாது.

இந்நான்கையும் கொண்டு தமக்கையாரும் நானும் தொலைபேசியிலேயே விசாரித்தோம். அவர் இறக்கிய கோப்பு ஓர் இடைத்தரகுத் தளத்தினது. ஆக்கியவரின் தளம் வேறாக இருந்தது. அங்குச் சரிபார்ப்பு எண்ணும் இருந்தது. இரண்டு எண்களும் ஒத்துவரவில்லை. முதற்கோப்பை ஏறத்தாழ முப்பது நிரல்கள், விளம்பரங்களைத் திணிப்பது என்று பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டின. ஆக்கியவரின் கோப்பை இரண்டே நிரல்கள், அதுவும் ஊகச் சொல்லால், ஐயுற்றன. முதலாவதை அழித்தோம்.

இரண்டாவதையும் அக்கா தம் கணினியில் நிறுவ நான் உடன்படவில்லை. இருவகைப் பிழையும் நேரலாம். ஆனால் அவற்றின் விலை ஒன்றன்று. நல்லதை விலக்கினால் சில நாள் தாமதம். தீயதை ஏற்றால் சேமிப்பே போகலாம். இருபது ஆண்டு காத்த பக்கங்கள் இன்னும் ஒரு கிழமை காத்திருக்கும் அல்லவா? மருமகனின் பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதிலிருந்த சொந்தக் கோப்புகளை அகற்றி, இணையத் தொடர்பைத் துண்டித்து, அதில் நிறுவச் சொன்னேன். மாற்றிய பக்கங்களை வெறும் எழுத்துக் கோப்பாக மட்டும் வெளியே எடுத்தார்.

ஐயத்தோடு ஏற்கெனவே நிறுவிவிட்டவர்களுக்கு ஒரு சொல். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போனதாகத் தெரிந்தால் வங்கிக்கும் 1930 என்னும் தேசிய உதவி எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள். நாணித் தாமதிப்பதனால் இழப்பே மிகும்.

மூன்றாம் நாள் அக்கா மீண்டும் அழைத்தார். அப்பா தம் ஊரின் பெயரைச் சொல்லித் தொடங்கிய முதற்பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினார். கணினி தடுத்தபோது சினந்து 'பரவாயில்லை' என்று அழுத்தியிருந்தால் வங்கிக் கணக்கு அஞ்சத்தக்கதாகியிருக்கும். அஞ்சி அதோடு விட்டிருந்தால் அப்பக்கங்கள் குழப்பமாகவே கிடந்திருக்கும். நின்று விசாரித்ததனால் இரண்டும் காக்கப்பட்டன.