மூளையுறை நோயும் தடுப்பூசியும்
(சோளக்காட்டில் கூடிய நம் சங்கத்தார் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் பிள்ளைகள் கல்வி நாடிக் கீழ்நாட்டு விடுதிகளில் தங்குகின்றனர். அது நமக்குப் பெருமையே. ஆயினும், பலர் நெருங்கி உறையும் இடங்களில் பரவும் கொடிய நோயொன்றை அறிந்தே அவர்களை அனுப்புதல் வேண்டும்.

மெனிங்கோகாக்கஸ் என்னும் நுண்கிருமி நலமுடையார் தொண்டையிலும் தங்கும். இருமல் தும்மல்களாற் பிறரை அடையும். சிலரிடத்துக் குருதியிற் புகுந்து, மூளையைச் சூழ்ந்த உறையைத் தாக்கும். கடுஞ்சுரம், தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, அழுத்தினும் மறையாத செந்நீலப் புள்ளிகள் ஆகியன அதன் குறிகள். ஒரு நாளைக்குள் உயிர் போதலும் உண்டு. மருத்துவம் செய்தும் பத்தில் ஒருவர் மாய்வர். பிழைத்தாருள்ளும் ஐவரில் ஒருவர் செவிடு முதலிய குறை எய்துவர். எழுபது கொண்டையூசி வளைவுகள் இறங்க வேண்டிய நமக்கு, "விடியட்டும்" என்னும் சொல்லே பகையாம்.

டில்லியில் 1966, 1985, 2005 ஆகிய ஆண்டுகளிலும், நம்மைப்போல் மலைவாழ்நரின் மேகாலயத்தில் 2008இலும் இந்நோய் பரவிற்று. இதனைத் தடுக்கும் ஊசியோ நம் நாட்டிலேயே ஆக்கப்படுகின்றது. புனேயில் செய்த ஊசி 2010இல் ஆப்பிரிக்காவின் புர்க்கினா பாசோவிற் பெருமளவில் வழங்கப்பெற்றது. அதன் பயனாய் அக்கண்டத்தில் 'ஏ' வகைக் கிருமியின் கொள்ளைநோய் ஒடுங்கிற்று. அந்நகரிலேயே ஆக்கிய வேறோர் ஊசி ஐவகைக் கிருமிகளைத் தடுப்பது. 2024இல் நைசீரியாவில் முதற்கண் இடப்பட்டது. ஓரம்பாற் பல விலங்குகளை வீழ்த்திய வல்வில் ஓரியின் மலையினராகிய நாம் இதனை வியவாதிருத்தல் எங்ஙனம்?

இந்நோய் அரிதே, அஞ்ச வேண்டா. நம் நாட்டின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் இவ்வூசி இல்லை. பொருள் கொடுத்தே பெறல் வேண்டும். மண்ணீரல் நீக்கப்பட்டோர், அயல்நாடு சென்று பயில்வோர், விடுதி மாணாக்கர் ஆகியோர் மருத்துவரைக் கேட்டறிக. ஹஜ்ஜுப் பயணிகளுக்கோ இது கட்டாயம். குழந்தைகட்கு அரசு இலவசமாய் இடும் ஊசிகளுள் வேறிரு கிருமிகளால் வரும் மூளையுறை அழற்சியைத் தடுப்பனவும் உண்டு, அவற்றைத் தவறவிடலாகாது.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். விழாச் செலவிற் சிறு பகுதியை ஒதுக்கி, மருத்துவர் வேண்டுமென்ற ஏழை மாணாக்கர்க்கு இவ்வூசியை வாங்கித் தருவோமாக. பரிசுப் புத்தகம் ஈயும் கை, உயிர்க்காவலும் ஈதல் முறையன்றோ?

வாழ்க நம் மக்கள்!