வள்ளியம்மாளின் பேரன்



இசைக்குழு ஒன்றில் பாடிப் பெயர் பெற்ற ஒருவர் பின்னர்த் தம் பெயரில் தனியாகப் பாடல் தொகுதி வெளியிடுவது மேல்நாட்டு ராக் இசை உலகில் பழகிப்போன வழக்கம். பீட்டில்ஸ் குழு 1970-ஆம் ஆண்டு கலைந்தபோது, அக்குழுவினருள் ஒருவரான பால் மெக்கார்ட்னி அவ்வாண்டிலேயே ஒரு தொகுதியை வெளியிட்டார். அதில் எல்லா வாத்தியங்களையும் அவரே வாசித்தார்; உடன் ஒலித்தது அவருடைய மனைவியின் குரல் மட்டுமே. ஆனால் அடுத்த ஆண்டிலேயே 'விங்ஸ்' என்னும் புதுக்குழுவை அமைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் தாமே செய்ய வல்லவருக்கும் பக்கத்தில் நாலு பேர் வேண்டியிருந்தது.

இதைப் போன்ற ஒரு செய்தி நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நாம் நாள்தோறும் அரக்கோணம் செல்லும் மின்சார ரயிலைப் பார்க்கிறோம். சென்னையிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த அரக்கோணத்துப் பிள்ளைதான் 'தெருக்குரல்' அறிவு. அவருடைய பாட்டு, தாளத்தோடு விரைந்து சொல்லிச் செல்லும் 'ராப்' வகையைச் சேர்ந்தது. என் வயதுக்காரர்கள் பலர் இதைப் பாட்டென்றே ஒப்புவதில்லை. ஆனால் சந்தம் மாறாமல் சொற்களை அடுக்கி விரைந்து பாடுவது நமக்குப் புதிதா என்ன? திருப்புகழ் பாடக் கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார்.

2018 ஜனவரி 6-ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழு முதன்முதலாக மேடை ஏறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசப் பண்டிதர் சாதியற்ற தமிழர் என்று சொன்ன சொல்லிலிருந்து பிறந்தது அதன் பெயர். கானாவும் ராக்கும் ராப்பும், பறையும் கிட்டாரும் அங்கே ஒரே மேடையில் கலந்தன. அக்குழுவில் பாடிய அறிவு, 2019-இல் ஓஃப்ரோ என்னும் இசைக் கலைஞரோடு சேர்ந்து 'தெருக்குரல்' தொகுதியை வெளியிட்டார். 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் அவர் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி', சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

'எஞ்சாமி' என்ற அந்த ஒரு சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 'என் சாமி' என்பதே பேச்சில் அப்படி ஆயிற்று. பண்ணையில் கூலிக்கு நின்றவன், கைகட்டி, நிலக்காரரை 'சாமி' என்று அழைத்தான். அவன் வீட்டுக் கிழவியோ மடியில் கிடந்த பேரனை 'என் சாமி' என்று கொஞ்சினாள். அச்சத்துக்கும் அன்புக்கும் ஒரே சொல்! அகராதியில் இவ்விரண்டும் இரண்டு வரிகளில் முடிந்துவிடும். அவற்றின் இடையே உள்ள தூரத்தைப் பாட்டால்தான் காட்ட முடிகிறது.

அந்தப் பாட்டின் வேர், அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். இவரைப் போன்றோரின் வரலாறு உங்கள் பாடநூலில் ஒரு பத்திக்கு மேல் இராது. மலையை வெட்டித் தோட்டமாக்கிய தமிழரில் பெரும்பாலோர், 1948-இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. கணக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மக்களை யாரும் கலந்து கேட்கவில்லை.

புகழ் வந்தபின் அந்தப் பாட்டைச் சுற்றியும் ஒரு வழக்கு எழுந்தது. 2022 ஜூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோது அறிவு மேடையில் இல்லை. பாட்டின் ஆக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்து அவரும் இசைத் தயாரிப்பாளரும் தத்தம் தரப்பை வெளிப்படையாக எழுதினர். அதற்குத் தீர்ப்பு வழங்க நான் நீதிபதி அல்லேன். பலர் கூடிச் செய்யும் கலையில் பெயர் என்பது எத்துணைப் பெரிய காரியம் என்பது மட்டும் அப்போது தெளிவாயிற்று.

பெயரைப் பற்றிய அவ்வளவு பேச்சுக்குப் பின், 2024-இல் அறிவு தம் தொகுதியைக் கொண்டுவந்தார். 'அம்பாசா' என்னும் புதுக்குழுவைச் சேர்த்துக்கொண்டே அதைச் செய்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.

தமிழாசிரியனாக இருந்த பழக்கம் என்னை விடாது, சொல்லிவிடுகிறேன். பேரன் என்பது பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. வழக்கம் அப்படியிருக்க, இங்கே ஓர் ஆண்பிள்ளை பாட்டியின் பெயரைத் தாங்கி வருகிறான். தன் பெயருக்காகப் பேச நேர்ந்தவன், தன் பெயர் வரவேண்டிய இடத்தில் கிழவியின் பெயரை வைத்து, அவளுக்கு உறவு என்ற அளவில் தன்னைச் சொல்லிக்கொண்டான். தனித்தொகுதி என்பார்கள். முன்னே பாட்டி நிற்கிறாள், பின்னே குழு நிற்கிறது. இதில் தனி எங்கே இருக்கிறது?

இந்த இசையின் ஓசை எல்லார் காதுக்கும் ஒத்துவராது. என் காதுக்கே சில இடங்களில் முழக்கம் மிகுதியாகப் பட்டதுண்டு. சொற்களுக்காகவே இரண்டாம் முறை கேட்டேன். மூன்றாம் முறை தாளமும் பிடிபட்டது. தொகுதியின் தலைப்பில் 'முதல் பகுதி' என்றும் குறித்திருக்கிறார்கள். வள்ளியம்மாளின் கதையில் சொல்ல வேண்டியது இன்னும் மிச்சம் இருக்கிறது போலும்.